மூன்றாவது மதர்போர்டு

ஜூன் 25, ஞாயிறு

இரண்டாவது மதர்போர்டும் செத்துவிட்டது. காலையில் பட்டனை அழுத்தினேன். விசிறி ஒரே ஒரு சுற்று சுற்றி நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது. முதல் போர்டு ஐந்து மாதம் உழைத்தது. இது நான்கு மாதம்கூட இல்லை.

இந்தக் கணினியை நானும் அப்பாவும் சேர்ந்துதான் கட்டினோம். பெட்டி ஒரு இடத்தில், ராம் ஒரு இடத்தில், மானிட்டர் அப்பாவின் நண்பர் கொடுத்தது. ஒவ்வொரு திருகையும் நான் முடுக்கினேன், அப்பா டார்ச் பிடித்தார். அதனால் இதை விட்டுவிட மனம் வரவில்லை. கணினி அறிவியல் ப்ராஜெக்ட்டை ஆகஸ்ட் 14-க்குள் கொடுக்கவும் வேண்டும்.

மூன்றாவது தடவை ஏமாறக் கூடாது. எது நம்பகமான போர்டு என்று முறையாக விசாரித்து, எல்லாவற்றையும் தேதி போட்டு இந்த நோட்டில் எழுதப்போகிறேன். மு.செ. கோகிலவாணி, பதினொன்றாம் வகுப்பு, அ பிரிவு.

ஜூன் 26, திங்கள்

பள்ளியில் நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு பேரும் நான்கு கம்பெனி பேரைச் சொன்னார்கள். கரண்ட் ஏறி இறங்கினால் போர்டு போகும் என்றாள் ரித்திகா. எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. நாங்கள் இருப்பது தோல் கம்பெனி ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில், கடைசி வீடு. கம்பெனிக்கு வரும் கரண்டில்தான் எங்களுக்கும் கரண்ட். விளக்கு மினுக்கென்றுகூடக் கண் சிமிட்டாது.

சமையலறைக்குப் பின்னால் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கழிவுநீர்த் தொட்டிகள். அப்பா அங்கேதான் பம்ப் ஆபரேட்டர். தொட்டியில் காற்றைக் கலக்கும் பெரிய மோட்டார் பகலெல்லாம் 'ம்ம்ம்' என்று ஓடும். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா அதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வருவார். அது நின்ற பிறகுதான் எனக்குப் படிப்பு ஏறும்.

ஜூலை 1, சனி

செத்த போர்டை எடுத்துக்கொண்டு அப்பாவோடு ஈரோட்டுக்குப் போனேன். ஆரோக்கியராஜ் அண்ணன் கடை மாடியில் இருக்கிறது. கணினி மட்டுமல்ல, ஸ்பின்னிங் மில் மெஷின்களின் போர்டுகளையும் அவர் பழுது பார்ப்பார்.

"ஏனுங்ணா, எந்தக் கம்பெனி போர்டு நல்லா உழைக்கும்?" என்று கேட்டேன்.

அவர் போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, மூக்கைச் சுருக்கினார்.

"ஏம்மா, ஊடு எங்க? பஸ் ஸ்டாண்டு கக்கூசுக்கு மேல் மாடியா?"

"கம்பெனி லைன் வீடுங்க. தோல் கம்பெனி" என்றார் அப்பா.

"அட, அப்பச் சரி."

என்னையும் லென்ஸில் பார்க்கச் சொன்னார். செம்புக் கோடுகள் முடியும் இடங்களில் எல்லாம் கறுப்பாக, எறும்பின் மீசைபோல ஏதோ முளைத்திருந்தது. ஒரு கோட்டிலிருந்து பக்கத்துக் கோட்டுக்கு அது தவழ்ந்து போயிருக்கிறது. அழகாகத்தான் இருந்தது.

"எந்தக் கம்பெனி போர்டு வாங்குனாலும் இதே கதிதான். வாரண்டியும் கெடைக்காது, அரிப்புன்னு எழுதித் திருப்பி அனுப்பிருவான். போர்டைக் குத்தம் சொல்லாத அம்மிணி. காத்தைச் சொல்லு."

மில்லில் புதிதாகக் கண்ட்ரோல் ரூம் கட்டினால், முதலில் சுத்தமாகத் தேய்த்த செம்புத் தகட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களாம். தகடு கறுத்தால் அங்கே போர்டு வைக்கமாட்டார்களாம். எனக்கு இன்னும் நிறையக் கேட்க வேண்டியிருந்தது. அப்பாதான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

ஜூலை 2, ஞாயிறு

பழைய மோட்டாரிலிருந்து எடுத்த செம்புத் தகட்டை அப்பா கொடுத்தார். விரல் நீளத்துக்கு வெட்டி, புளி போட்டுத் தேய்த்து, உப்புத்தாளால் மினுக்கினேன். ஐந்து தகடுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்: சமையலறை ஜன்னல், கணினி மேஜை, படுக்கும் அறை, முன்வாசல், அரிசி டிரம்முக்குள் ஒன்று.

"ஊடு பூராத் தோரணம் கட்டியிருக்கறயே, யாருக்குடி கல்யாணம்?" என்றாள் அம்மா.

"மதர்போர்டுக்கு."

"மாப்பிள்ளை ஆரு?"

அது தெரியத்தான் தகடு என்றேன்.

ஜூலை 5, புதன்

என் கொலுசு கறுத்துவிட்டது. பங்குனியில்தான் மெருகு போட்டு வாங்கினோம். உடம்பில் சூடு ஏறினால் வெள்ளி கறுக்கும் என்று அம்மா விளக்கெண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட்டாள். காலையில் வெறும் வயிற்றில் வெந்தயம். அம்மாவின் மெட்டியும் கறுத்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் கொலுசும் அப்படியே. லைன் முழுக்க எல்லாருக்கும் சூடு.

ஜூலை 9, ஞாயிறு

ஒரு வாரம் முடிந்தது. தகடுகளை அட்டையில் ஒட்டித் தேதி எழுதினேன்.

அரிசி டிரம்முக்குள் இருந்தது அப்படியே சிவப்பாக இருக்கிறது. முன்வாசல் தகடு பழுப்பு. கணினி மேஜை, படுக்கும் அறை இரண்டும் கரும்பழுப்பு. சமையலறை ஜன்னலில் தொங்கியது தோசைக்கல்போலக் கறுத்துவிட்டது. தேய்த்தால் கரி கையில் வருகிறது.

ஆகவே கணினியைச் சமையலறைப் பக்கச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இது முதல் முடிவு.

அப்பா அட்டையைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். "நல்லாச் செஞ்சிருக்கற" என்றார். பிறகு, "பீரோவுக்குள்ள வெச்சுரு. வர்றவங்க போறவங்க கண்ணுல பட வேண்டாம்" என்றார்.

ஜூலை 11, செவ்வாய்

ஆறு மணிக்கு மோட்டார் நின்றது. முக்கோணவியலில் ஒன்பது கணக்கு முடித்தேன்.

ஜூலை 13, வியாழன்

பள்ளி நூலகத்தில் பழைய வேதியியல் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை. செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைக்கும் வாயு எது என்று தேடினேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றுப் படாமல் தேங்கிய கழிவில் உண்டாகும். காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். ஒரு வரி சுவாரசியமாக இருந்ததால் அப்படியே எழுதிவைக்கிறேன்:

'சிறிய அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் இருக்கும். அளவு மிகும்போது மூக்கு மரத்துப்போவதால் நாற்றம் தெரியாது.'

தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வரலாம்.

ஜூலை 16, ஞாயிறு

ஒரு வாயு ஒரே சீராகத்தான் வரவேண்டும் என்பதில்லையே என்று தோன்றியது. அதனால் சமையலறை ஜன்னலில் இந்த வாரம் முறை வைத்துக் கட்டினேன். காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரை ஒரு தகடு, ஆறிலிருந்து மறுநாள் விடியும் வரை வேறொன்று. பகல் தகடுகள் ஏழும் லேசான பழுப்பு. மற்ற ஏழும் கறுப்பு.

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். "மோட்டார் நின்ன பொறகுதானுங்கப்பா கறுக்குது. அதை நிறுத்தாம ஓட்டுனா என்னுங்?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

"மேனேஜர் நிறுத்தச் சொல்றாரு, நிறுத்தறேன். கரண்டு ஆகுதாம்."

"நிறுத்துனா வாயு வருங்களேப்பா."

"தெரியும் அம்மிணி."

 அம்மா ரசம் ஊற்றினாள். அப்பா வேண்டாமென்று எழுந்து கையைக் கழுவிவிட்டார்.

ஆடி பிறக்கப்போகிறது. மேல்காற்று தொடங்கிவிட்டது. தொட்டி எங்களுக்கு மேற்கில் இருக்கிறது.

ஜூலை 19, புதன்

ஒரு தகட்டை அப்பாவின் சட்டைப் பையில் போட்டேன்.

"என்னது, தாயத்தா?"

"விஞ்ஞானத் தாயத்துங்கப்பா. தினமும் சாயங்காலம் எங்கிட்டக் காட்டோணும்."

"முனியப்பங்கோயில் பூசாரிகூட இவ்வளவு கறாரில்ல" என்று சிரித்தார். ஆனால் எடுத்து வெளியே போடவில்லை. முதல் நாளே தகட்டின் ஓரம் ஊதா நிறமாகிவிட்டது.

ஜூலை 22, சனி

போர்டைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்! சின்ன போர்டு, ஆனால் செம்பு கனமானது, கெபாசிட்டர்கள் திடவகை. தேவையில்லாத விளக்கு அலங்காரம் எதுவும் இல்லை. ஆரோக்கியராஜ் அண்ணனும் சரி என்றார். முக்கியமான விஷயம், அதன்மேல் அவர் நிறமில்லாத வார்னிஷ் ஒன்றைத் தெளித்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். மில் போர்டுகளுக்கு அப்படித்தான் செய்வாராம். காகிதம் போன்ற மெல்லிய பூச்சு. அதைத் தாண்டிக் காற்று செம்பைத் தொடாது. இரண்டு கோட் அடிக்க வேண்டும், நன்றாகக் காய வேண்டும். அடுத்த சனிக்கிழமை தருவார்.

"அண்ணே, நீங்களும் அங்கயே நிக்கறீங்கல்ல. உங்களுக்கும் ரெண்டு கோட்டு அடிச்சு உட்ரட்டுமா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, படியிறங்கும் வரை நிற்கவில்லை.

ஜூலை 26, புதன்

தொட்டிக்குக் கீழே கிணறு மாதிரி ஒரு குழி இருக்கிறது. கழிவெல்லாம் முதலில் அங்கேதான் விழும். அங்குள்ள பம்பில் தோல் முடியும் சதையும் சிக்கி அடைத்துவிட்டது. பம்பு ஓடாததால் மோட்டாரையும் நிறுத்திவிட்டார்கள். பகலிலும் சத்தமில்லை. வீட்டில் சாதம்கூட முட்டை நாற்றம் அடிக்கிறது. அம்மா ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தாள்.

ஜூலை 29, சனி

போர்டு வந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்தால் ஈரமாக இருப்பதுபோல மின்னுகிறது. நாளை பூட்டுவேன்.

ஜூலை 30, ஞாயிறு

காலை பத்தரை. போர்டைப் பெட்டியில் வைத்து ஆறு திருகில் நான்கு முடித்தேன். டார்ச் பிடிக்க அப்பா இல்லை. குழியில் இறங்கிப் பம்பைச் சரிசெய்ய மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். இடையில் தண்ணீர் குடிக்க வந்தார். தலை வலிக்கிறது, வெயில் என்றார். வேட்டியைக் கழற்றிவிட்டு டவுசர் மாற்றினார்.

"நாத்தம் எப்படியிருக்குதுங்?" என்று அம்மா கேட்டாள்.

"மூடியத் தொறந்து குனிஞ்சு பாத்தேன். மொதல்ல கொடலப் புடுங்குச்சு. இப்பத் துளி நாத்தமில்ல. காத்துல போயிருச்சு."

நல்லவேளை. நானும் அதையே நினைத்தேன். அவர் போனதும் ஐந்தாவது திருகை எடுத்தேன்.

ஜூலை 13-ல் நான் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். அப்பா இப்போது

(அதே நாள், மாலை)

காலையில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

செருப்புப் போடாமல் ஓடினேன். வாட்ச்மேன் கேட்டில் தடுத்தார். கைக்கு அடியில் புகுந்து ஓடினேன். குழியின் வாயில் மேனேஜரும் இன்னும் மூன்று பேரும் நின்றார்கள். அப்பாவின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. இரும்பு ஏணியில் ஐந்தாவது படியில் நின்றிருந்தார்.

"அப்பா! நாத்தமில்லீன்னா எறங்காதீங்கப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். "நாத்தமிருந்தா எறங்கலாமாக்கும்?" என்றார் ஒருவர். "செந்திலு, உம் புள்ளைக்கு வேப்பில அடி" என்றார் இன்னொருவர். நான் அழுதேன். அப்பா மேலே ஏறி வந்தது என்னை நம்பி அல்ல. நான்கு பேருக்கு முன்னால் அழுத பிள்ளையை அறைவதற்காகத்தான் வந்தார். கையை ஓங்கவும் செய்தார்.

நான் அவருடைய பையிலிருந்து தகட்டை எடுத்து, பாவாடையில் தேய்த்துத் தேய்த்து ஒரு முனையை மினுக்கினேன். கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கினேன். மேனேஜர் மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார். "பத்து நிமிசம், அப்பறம் இவளக் கூட்டிட்டுப் போயிருங்க."

பத்து நிமிடம் கழித்து இழுத்தோம். தேய்த்த முனை புறாக்கழுத்துப்போல நீலமும் கறுப்புமாகியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழியைப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "நான் எறங்கலைங்க" என்றார். அவர் அப்படி யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

"சரி, போ. நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் மேனேஜர். வாட்ச்மேன் மூடியைப் போட்டார்.

அம்மா எனக்குத் திருஷ்டி சுற்றிப்போட்டாள். மாலையில் மீதித் திருகுகளை முடுக்கினேன். அப்பா டார்ச் பிடித்தார். 

ஜூலை 31, திங்கள்

கணினி ஓடுகிறது! முதல் அழுத்தலிலேயே திரை வந்துவிட்டது.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் இரண்டு பேர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். வெளியூர்க்காரர்கள். ஒருவருடைய ரப்பர் செருப்பின் வார் அறுந்து, ஊக்குப் போட்டிருந்தது. என் பையைப் பார்த்து, "எத்தனாவது பாப்பா?" என்று கேட்டார்.

"பதினொண்ணுங். கம்ப்யூட்டர் குரூப்."

"எம் பொண்ணு ஒம்போதாவது. கம்ப்யூட்டரு வேணும்னு என்ற உசுர வாங்கறா. எத வாங்கறதுன்னுதான் ஒண்ணும் வெளங்கல."

எனக்கு உற்சாகமாகிவிட்டது. முழுசாக வாங்கினால் ஏமாற்றுவார்கள், பாகம் பாகமாகக் கட்டலாம், மதர்போர்டில் மட்டும் சமரசம் கூடாது என்று சொன்னேன். போர்டின் பெயரையும் ஆரோக்கியராஜ் அண்ணன் கடை விலாசத்தையும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சாயங்காலம் போற வழில விசாரிச்சர்றேன் சாமி" என்றார். இன்னொருவர், "கேட்டுக்குள்ள போலாம், மேனேஜரு கத்துவாரு" என்று அவரை இழுத்துக்கொண்டு போனார்.

கையில் கயிறு வைத்திருந்தார்கள். கட்டட வேலைக்காரர்கள் என்று நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

நேற்றுச் சாயங்காலம் நான் வரும்போது கம்பெனி கேட் பூட்டியிருந்தது. போலீஸ் வண்டி நின்றது. அப்பா வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இன்றும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 2, புதன்

இன்று அப்பா சொன்னார். நான் கேட்கவில்லை.

"நான் போயிச் சொன்னேன் அம்மிணி. கேட்டுலயே நிறுத்திச் சொன்னேன். எறங்காதீங்க, உள்ள கெட்ட காத்து இருக்குதுன்னேன். அந்த ஊக்குப் போட்ட செருப்புக்காரரு குழிகிட்டப் போயிக் குனிஞ்சு மோந்து பாத்தாரு. 'நாத்தமே இல்லீங்களேண்ணா'ன்னு சிரிச்சாரு. மேனேஜரு என்னைய வெளிய போகச் சொன்னாரு. நான் வந்துட்டேன்."

முதலில் அந்தச் செருப்புக்காரர் இறங்கினார். சத்தம் இல்லை என்று அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். இருவரும் மேலே வரவில்லை.

"உங்க தகடு பையிலதான இருந்துச்சு?" என்று கேட்டேன்.

 நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 3, வியாழன். ஆடிப்பெருக்கு

பள்ளி விடுமுறை. மதிலோரம் இரண்டு ஜோடிச் செருப்பு கிடக்கிறது. மழை நனைத்திருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். கயிற்றைப் பார்த்தபோது நான் கட்டட வேலை என்று நினைக்கவில்லை. குழிக்கு வந்தவர்கள் என்று தெரிந்தது. அப்பா சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நான் போர்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

அதிகாரிகள் வருகிறார்கள், போகிறார்கள். பம்பைச் சரிசெய்துவிட்டார்கள்; மோட்டார் இப்போது இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது. ஜன்னல் தகடு ஐந்து நாளாகச் சிவப்பாகவே இருக்கிறது. லைன் வீடுகளில் வந்து, முன்னே பின்னே நாற்றம் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அம்மா சொன்னாள்.

ஆகஸ்ட் 12, சனி

ப்ராஜெக்ட்டை நேற்றே முடித்துவிட்டேன். இன்று வேறொன்றைத் தட்டச்சு செய்தேன். கலெக்டருக்கு ஒரு கடிதம், அதோடு ஓர் அட்டவணை. முதல் கட்டத்தில் தேதி, இரண்டாவதில் மோட்டார் நின்ற நேரம், மூன்றாவதில் தகட்டின் நிறம். இந்த நோட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். பீரோவிலிருந்து அட்டையையும் எடுத்துவைத்தேன்.

நான்காவது கட்டத்துக்கு, 'மோட்டாரை நிறுத்தியவர்' என்று தலைப்புப் போட்டேன். பிறகு அதை அழித்தேன். பிறகு மறுபடியும் போட்டேன். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

அப்பா பின்னால் நின்றிருந்தது எனக்குத் தெரியாது. முக்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். போன வாரமே கம்பெனியில் அவருக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. திரையை மேலிருந்து கீழ்வரை படித்தார். அவர் படிக்கும்போது உதடு அசையும்.

"என் பேரப் போடு" என்றார்.

"அப்பா..."

"மு. செந்தில்நாதன்னு இனிசியலோட போடு. மேனேஜரு சொல்லின்னும் அதுலயே போடு. ரெண்டும் நெசந்தான."

போட்டேன். ஒவ்வொரு வரியிலும் போட்டேன். அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  கணினி ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. நல்ல போர்டு.

கடைசி வரியை முடித்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் 'ம்ம்ம்' என்ற சத்தம் தாழ்ந்து தாழ்ந்து நின்றது. கணினியில் மணி பார்த்தேன். ஆறு.

நாங்கள் மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தோம். அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.